வைக்கோல்போருக்குள் சீனப் புத்தகங்கள்

டெல்லியில் நான் படித்தது பழஞ்சீன இலக்கியமும் தத்துவமும். இன்றைக்கு இதைச் சொன்னால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவதோடு விட்டுவிடுவார். எழுபதுகளில், வாளையாருக்குப் பக்கத்தில் கேரள எல்லைக்குள் இருந்த எங்கள் ஊரில் சொன்னால், முதலில் என் அப்பாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பிறகு, "நம்மகூடச் சண்டை போட்டவன் பாசை உனக்கு எதுக்கு அம்மணி?" என்பார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. சீனாவோடு நடந்த சண்டைக்குப் பிறகு அந்தத் துறையில் சேர ஆளில்லை. ஆளில்லாததால் உதவித்தொகை கொடுத்தார்கள். உதவித்தொகை இருந்ததால் அப்பா அனுப்பினார். ஆரம்பம் அவ்வளவுதான். பிடித்துப்போனது பிற்பாடு.

வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். பழஞ்சீன நூல்களில் முற்றுப்புள்ளி இல்லை, காற்புள்ளி இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். யார் செய்தார்கள் என்பதைப் பாதி இடங்களில் சொல்லவே மாட்டார்கள். பேராசிரியர் ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சாக்பீஸை என்னிடம் நீட்டுவார். எங்கே நிறுத்துவாய், நிறுத்து பார்ப்போம் என்று அர்த்தம். தப்பான இடத்தில் கோடு போட்டால், அரசன் மந்திரியைக் கொன்ற செய்தி மந்திரி அரசனைக் கொன்றதாகிவிடும். முதல் ஆறு மாதம் நான் அரசர்களைக் கொன்று குவித்தேன்.

மனிதன் பிறவியிலேயே நல்லவன் என்று வாதிட்ட ஒரு சிந்தனையாளரைப் பிறகு படித்தோம். கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் எவனுக்கும் நெஞ்சு பதறும், அந்தப் பதற்றமே சாட்சி என்பது அவர் கட்சி. கூடப் படித்த பையன்கள் அது சரியான வாதமா என்று ஒரு வாரம் விவாதித்தார்கள். எனக்கு விவாதமே தேவைப்படவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. சின்ன வயதில் நான் அதன் ஓரமாகப் போகும்போதெல்லாம் அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டவளுக்கு வேறு நிரூபணம் எதற்கு?

இரண்டு வருடம் முடிந்தபோது ஹாங்காங்கில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு இடம் கொடுத்தது. மேற்கொண்டு இரண்டு வருடம், பழைய நூல்களை மட்டும் படிக்கலாம், செலவு அவர்களுடையது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வேண்டும். விண்ணப்பித்துவிட்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்து உட்கார்ந்தேன். தினமும் தபால்காரர் சைக்கிள் தெரிகிறதா என்று பார்ப்பதே வேலையாக இருந்தது.

நெருக்கடி நிலை இருந்த காலம் அது. டீக்கடையில் பேப்பரை வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தியிருந்தார்கள். நக்சல் என்ற ஒரே சொல்லுக்காக மலைப்பக்கத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன கதைகள் காதோடு காதாக வந்துகொண்டிருந்தன. சீனம் என்ற சொல்லும் அந்தச் சொல்லும் பலர் காதில் ஒன்றாகவே விழுந்தன என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பயந்தது அதற்கில்லை. கல்யாணத்துக்குத்தான்.

ஏனென்றால் அதற்கு முந்தின வருடம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்து, பெண் படிப்பது என்னவென்று தெரிந்ததும் வந்த வழியே போய்விட்டது. "மருமவ என்ன சொல்லி என்னைய வையறான்னு எனக்குத் தெரியோணுமில்லீங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம். அதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஊர் சிரிக்கவில்லை. இனி யார் வந்து விசாரித்தாலும் இந்தப் பெண்ணின் படிப்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று ஊரே முடிவு செய்துவிட்டது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. அதெல்லாம் பேசாமலே ஆகிற காரியம்.

ஒருநாள் சான்றிதழ் நகல்களில் கையெழுத்து வாங்கப் பாலக்காடு போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முறைக்கு எனக்கு மாமா.

"அம்மணி, உன்னைய விசாரிச்சு ஒறம்பரை வந்துட்டுப் போறாங்க. ஒருத்தருதான். வெள்ளை வேட்டி சட்டை, நல்ல மனுசனாட்டத்தான் தெரிஞ்சாரு. ஒண்ணுவிடாமக் கேட்டாரு."

எங்கள் பக்கம் விருந்தாளிக்கும் உறவுக்கும் ஒறம்பரை என்றுதான் பெயர். பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர் என்று அவர் சொல்லாமலே புரிந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"சொல்றதுக்கென்ன? புள்ளை ஊட்டை உட்டு அக்கட்டால போகாது, கோயமுத்தூருக்குத் தையல் கிளாஸுக்குப் போனதோட செரின்னேன். டெல்லியில படிக்குதாமேன்னாரு. டெல்லியா, எந்த டெல்லிங்கன்னு கேட்டேன். சீனப் பாசைன்னாரு. அதெல்லாம் பொறாமையில எவனோ கட்டி உட்டதுங்கன்னுட்டேன்."

அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. ரேஷன் கடையிலும் அந்த ஆள் கேட்டிருக்கிறார், பக்கத்துத் தோட்டத்திலும் கேட்டிருக்கிறார். எல்லா இடத்திலும் இதே தையல் கிளாஸ்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எங்கள் ஊர் அந்த ஆயிரத்தையும் ஒரே மத்தியானத்தில் சொல்லி முடித்திருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைந்தேன். அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யாரும்மா வந்தது? என்ன சொல்லி அனுப்பினே?"

"யாரோ ஒறம்பரை. காப்பியும் முறுக்கும் குடுத்தேன். டெல்லிக்கெல்லாம் போகலை, ஊட்டோடதான் இருக்கறான்னு சொன்னேன்." தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குக் கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மறுபடி வந்தா நானே வாசல்ல நின்னு சீனத்துல பேசறேன்."

"பேசு," என்றாள் அம்மா. அவ்வளவுதான். வழக்கமாக எனக்குச் சரிக்குச் சரி வாயாடுகிறவள் அன்றைக்குப் பேசாமல் இருந்ததை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. அது நிற்பதற்குள் பின்னாலேயே டீக்கடை மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். "அம்மணி, அந்த ஒறம்பரை காக்கி போட்டுட்டு வர்றாரு," என்றார். முன்சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார், பின்னால் முந்தின நாள் வெள்ளை வேட்டி இப்போது கான்ஸ்டபிளாக. கல்யாணத்துக்கு வந்த ஆள் இல்லை, என் பாஸ்போர்ட்டுக்கு வந்த ஆள். ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? மறுகணம் ஊர் சொன்ன ஒவ்வொரு பொய்யும் என் தலையில் கல்லாக விழுந்தது.

இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் தமிழைக் கலந்து பேசினார். சத்தமே போடவில்லை. "படிக்குந்ந புஸ்தகம் உண்டல்லோ, எடுத்துக் காட்டு," என்றார். என் டிரங்குப் பெட்டியை வாசலுக்கு இழுத்துவந்து திறந்தேன். உள்ளே இரண்டு புடவையும் நாலு அந்துருண்டையும் இருந்தன. புத்தகம் ஒன்றுகூட இல்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா கட்டுத்தறியில் நின்ற மாட்டைப் பார்த்தாள்.

கான்ஸ்டபிள் கெட்டிக்காரர். கொல்லையில் வைக்கோல்போரின் ஒரு பக்கம் மட்டும் புதிதாகக் கலைந்திருந்ததைப் பார்த்துவிட்டார். லத்தியை விட்டு நெம்பினார். அம்மாவின் பழைய புடவையில் மூட்டை கட்டிய என் ஒன்பது புத்தகங்களும் வைக்கோல் தூசியோடு வந்து விழுந்தன. மூட்டையைப் பிரித்து மேலே இருந்த சீன எழுத்துகளைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பெண் பார்க்க வந்தவருக்குப் பயந்து ஒளித்துவைத்தது என்று யாரிடம் சொல்வது, சொன்னால் யார் நம்புவது?

புத்தக மூட்டையோடு என்னையும் அப்பாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். டீக்கடை மாமாவை பஸ் பிடித்து வரச் சொன்னார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

ஸ்டேஷனில் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அப்பாவை நிற்கவைத்தார்கள். வாழ்க்கையில் ஒரு வரப்புத் தகராறுக்குக்கூட ஸ்டேஷன் வாசலை மிதிக்காத மனிதர் என் அப்பா. துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ளிகேஷன்ல டெல்லியில படிப்புன்னு எழுதியிருக்கு. நாட்டுகார் முழுவன் டெல்லிக்கே போகலைன்னு பறயுந்நு. அப்போ ரெண்டு வர்ஷம் நீ எவிடெயாயிருந்நு?" ஊரே மறுக்கும்போது அந்த இரண்டு வருடம் நான் எங்கே இருந்தேன் என்பது இன்ஸ்பெக்டரின் கேள்வி.

பல்கலைக்கழக அட்டையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கார்டு ஆர்க்கும் அடிக்காமல்லோ," என்று மேசையில் போட்டார். அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமாம். பிறகு ஒரு புத்தகத்தை எடுத்துக் கான்ஸ்டபிளிடம் தள்ளினார்.

சீனம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. அதில் நான் நிம்மதியாக இருந்தேன். ஓரத்தில் பென்சிலால் நான் எழுதியிருந்த குறிப்புகள் தமிழில் இருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. கான்ஸ்டபிள் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகவே படித்தார். எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்: "அரசன் கெட்டவனாக இருந்தால்? மாற்றலாம். ஏன் கூடாது?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பக்கத்துல இன்னொண்ணும் எழுதியிருக்குங்க சார்," என்றார் கான்ஸ்டபிள். "பரீட்சைக்கு முக்கியம்."

"ஏது ராஜாவை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சீன ராஜாவைங்க சார். செத்து ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சுங்க," என்றேன்.

"செத்துப்போனவனை எந்தினா மாத்தணும்?"

நல்ல கேள்விதான். வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் திறந்து வைத்தார். டீக்கடைக்காரரும் என் அம்மாவும் வேண்டுமென்றே போலீஸிடம் பொய் சொன்னார்கள், அம்மா புத்தகங்களை ஒளித்தாள், எனக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என் ரிப்போர்ட் சுத்தம், பாஸ்போர்ட் வரும். அவர்கள் மேல் தனிக் கேஸ். அவர் கணக்கில் அது எனக்குச் செய்கிற உதவி. குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

பழைய சீனத்தில் இதற்கென்றே ஒரு வழக்கு உண்டு. தகப்பன் அடுத்தவன் ஆட்டைத் திருடிவிட்டான். மகன் சாட்சி சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? நூற்றாண்டுகளாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று, மகன் சாட்சி சொல்வதே நேர்மை என்று பரீட்சையில் ஒன்பது பக்கம் எழுதி நான் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்த ஒன்பது பக்கத்தில் ஒரு வரிகூட இப்போது உதவிக்கு வரவில்லை. பேனாவை எடுத்தேன். ஹாங்காங் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? பேனாவை மூடி மேசையிலேயே வைத்தேன்.

"எழுத மாட்டேனுங்க சார்."

"அப்போ ரிப்போர்ட் எதிராத்தான் போகும். அதுவரெ உன் அச்சன் இங்கே நிக்கட்டெ." அப்பாவைக் காட்டிச் சாதாரணமாகத்தான் சொன்னார். கேஸே இல்லாமல் ஓர் ஆளை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடிந்த காலம் அது. அப்பா துண்டை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

அப்போது வாசலில் நின்ற போலீஸ்காரரை ஒதுக்கிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். டீக்கடை மாமா வந்த அதே பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"நாந்தானுங்க ஒளிச்சு வெச்சேன்," என்றாள். "என்ற புள்ள டெல்லியிலதான் படிக்கறா. சீனப் பாசைதான் படிக்கறா. பொண்ணு கேக்க வந்தவருன்னு நெனச்சு இல்லைன்னு சொல்லிப்போட்டேனுங்க. அந்தப் படிப்பைச் சொன்னா யாருங்க கட்டுவாங்க? ஊர்க்காரங்களும் அதுக்குத்தான் சொன்னாங்க. இவருக்கு ஒண்ணுந் தெரியாது. உடுங்க."

புகார் கொடுக்க வந்து வராந்தாவில் நின்றிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் எங்கள் சாதிக்காரர்களும் இருந்தார்கள். என் மகள் சீனம் படிக்கிறாள் என்று அம்மா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

கான்ஸ்டபிள்தான் முதலில் சிரித்தார். "அப்பவே நெனச்சேனுங்க சார். நாம விசாரணைக்குப் போனா எந்த ஊட்டுல முறுக்குக் குடுக்கறாங்க?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. டீக்கடை மாமாவை உள்ளே கூப்பிட்டார், தையல் கிளாஸ் கதையை முதலிலிருந்து சொல்லவைத்தார். அம்மா சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். ரிப்போர்ட் போகும்வரை புத்தகங்கள் அங்கேயே இருக்கட்டும் என்றார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "மோளே, இது படிச்சா எந்து ஜோலி கிட்டும்?" என்று கேட்டார். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். போகச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரப்பு வழியாக நடந்தோம். கணவாய்க் காற்று முகத்தில் அடித்தது. அப்பாவும் டீக்கடை மாமாவும் முன்னால் வெகுதூரம் போய்விட்டார்கள். அம்மா என் பக்கம் திரும்பாமலே நடந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் தலைகுனிந்து நின்றதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. இனி இந்த வட்டாரத்தில் என்னைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"உடும்மா. ஒறம்பரைன்னு நெனச்சுத்தான சொன்னே," என்றேன்.

அம்மா நின்றாள்.

"ஒறம்பரைன்னு நான் நெனைக்கல."

எனக்குப் புரியவில்லை.

"பொண்ணு கேட்டு வர்றவன், நீங்க என்ன கூட்டமுங்கன்னு கேக்காமயா காப்பியைக் கையில வாங்குவான்? அந்தாளு அதைக் கேக்கவே இல்லை. உன்ற கையில மச்சம் எங்க இருக்குதுன்னு கேட்டான். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது பாஸ்போட்டுக் காயிதத்துக்கு வந்த ஆளுன்னு."

கூட்டம் என்றால் எங்களில் குலம். இரண்டு வீடும் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, பேச்சு அங்கேயே முடிந்தது. அதைக் கேட்காமல் யாரும் அடுத்த வார்த்தை பேச மாட்டார்கள்.

"தெரிஞ்சுமா பொய் சொன்னே?"

"தெரிஞ்சுதான். அப்படியொரு படிப்பே இல்லைன்னு அவன் எழுதிட்டா உனக்குப் பாஸ்போட்டு வராது, ஊட்டோட இருப்பீன்னு நெனச்சேன். அப்பனைப் பிடிச்சு வெப்பாங்கன்னு நான் கண்டனா?"

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. தெரியாமல் செய்தவளை மன்னிக்க ஒரு நொடி போதுமாக இருந்தது. தெரிந்தே செய்தவளை என்ன செய்வது? கையில் இருந்த பையை வரப்பில் வீசினேன். "அப்பறம் எதுக்கு ஸ்டேஷன்ல வந்து சொன்னே? உட்டிருக்க வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

"சன்னலுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன்," என்றாள் அம்மா. "என்னையக் காட்டிக் குடுத்து எழுதியிருந்தீன்னா உனக்குக் கெடச்சிருக்கும். நீ எழுத மாட்டீன்னுட்டே. அதுக்கப்பறம் எப்படி அம்மணி நான் வாயை மூடிட்டு நிக்கறது?"

பையை அவளே குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினாள். எனக்கு அழுகை வந்தது. கோபம் போகாமலே அழுதேன்.

"ரெண்டே வருசம்மா. படிச்சு முடிச்ச கையோட வந்துருவேன்."

"வரமாட்டே," என்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "போயிட்டா நீ வரமாட்டே. அது எனக்குத் தெரியும். போ."

மழை விடுவதற்குள் பாஸ்போர்ட் வந்தது. நான் போனேன். அம்மா சொன்னதுதான் நடந்தது.